மூன்றாவது மாடி லிஃப்டுக்கு ஒரு ஜெபம்

பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் யாரும் குறை சொல்லக்கூடாது. என் வீட்டுக்காரர் நாற்பது வருடம் சபையில் பாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர் பேசுவார். மிச்ச வாரம் முழுக்க நான்.

அந்த நாற்பது வருடமும் சபையில் யார் படுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினது நான்தான். கையில் பைபிள், பையில் பழம், வாயில் பேச்சு. "பாஸ்டரம்மா வந்துட்டாங்க" என்று கட்டிலில் கிடப்பவர்கள் எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். அவர் ஓய்வு பெற்ற அன்று பூமாலை போட்டு, என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்து, எனக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஓய்வு வேண்டுமா என்று ஒருவர் கேட்கவில்லை. அங்கேதான் எனக்கு வீம்பு வந்தது.

பல்கலைக்கழகத்தில் மேய்ப்புப் பணிக்கென்று மூன்று வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, அதை முடித்தால் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சந்திக்கும் வேலையில் சேரலாம், ஆனால் அறுபத்தைந்து முடிவதற்குள் சேர்ந்தாக வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அறுபத்தொன்று முடியப் போகும்போது விண்ணப்பம் போட்டேன்.

"ஏம்மா, உன் பேரன் பரீட்சை எழுதுற நேரத்துல நீயும் எழுதப் போறியா?" என்றாள் மகள்.

"ஆமாடி. யார் முதல்ல ஃபெயிலாகுறோம்னு பாத்துருவோம்."

இரண்டு வருடம் ஓடியே போய்விட்டது. கிரேக்க எழுத்துகளைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே படித்தேன். சபை வரலாற்றில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தேன். என் வீட்டுக்காரர் என்னை "மாணவி" என்று கூப்பிட ஆரம்பித்தார். "என்ன மாணவி, இன்னைக்கு வீட்டுப்பாடம் உண்டா, சாப்பாடு உண்டா?" என்பார். வாய்க்கொழுப்பு. ஆனால் என் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

மூன்றாவது வருடம் வந்தது களப்பணி. ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். நாற்பது வருடம் செய்த வேலை, இதற்குப் போய் மார்க்கா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு வினையாகப் போனது.

அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நோயாளியைப் பார்த்து முடித்து வெளியே வந்ததும், சூடு ஆறுவதற்குள் எங்கேயாவது உட்கார்ந்து, இரண்டு பேரும் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். வார்டுக்குள் குறிப்பு எடுக்கக்கூடாது, போனில் பதிவு செய்யக்கூடாது, எல்லாம் ஞாபகத்திலிருந்துதான். நோயாளியிடம் சம்மதம் கேட்டுக்கொள்ள வேண்டும், பேர் போடக்கூடாது. மாணவர் பேசியது மா1, மா2. நோயாளி பேசியது நோ1, நோ2. பேசாமல் இருந்தால் அடைப்புக்குறிக்குள் மௌனம் என்று போட வேண்டும். வகுப்பில் அதை நாடகம் மாதிரி இரண்டு பேர் சத்தமாக வாசிப்பார்கள், மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள்.

ஆறு அறிக்கைகளில் நான்கு தேற வேண்டும். என்னுடைய முதல் அறிக்கை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவதை வாசித்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

எங்கள் ஆசிரியை என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். கையில் எப்போதும் ஒரு பச்சைப் பென்சில். சிவப்பில் திருத்தினால் எங்கள் மனசு நோகுமாம். பச்சையில் திருத்தினால் இனிக்குமா என்ன? அன்றைக்கு மாணவர் பாகத்தை நானே வாசித்தேன். நோயாளி பாகத்தை வாசித்தவர் எனக்குப் பக்கத்தில் உட்காரும் தம்பி. படிக்க வருவதற்கு முன் பதினைந்து வருடம் வெல்டிங் பட்டறையில் இருந்தவர், அதனால் வகுப்பில் அவருக்கு வெல்டர் என்றே பேர். நோயாளி ஒரு லாரி டிரைவர். குடல் ஆபரேஷன்.

வெல்டர் கணீரென்று வாசித்தார்: "நோ3. அதை ஏன் கேக்குறீங்க போங்க! ஆண்டவர் கிருபையால ஏதோ உயிர் பொழைச்சு ஒக்காந்திருக்கேன், இல்லைன்னா என் கதி என்ன ஆயிருக்கும், நீங்களே சொல்லுங்க!"

வகுப்பில் ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெல்டர் தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த லாரி டிரைவர் உங்க கூடப் பொறந்தவரா?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், என்ன செய்ய. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. பச்சைப் பென்சிலால் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உங்க வரி அறுபத்தொண்ணு. அவர் வரி பதினாலு. அந்தப் பதினாலும் நீங்க பேசுற மாதிரியே இருக்கு. அவர் நிஜமா என்னம்மா சொன்னார்?"

யோசித்துப் பார்த்தேன். அந்த மனிதருடைய மீசை ஞாபகம் வந்தது. சட்டைப் பொத்தான் ஞாபகம் வந்தது. அவர் குரல் மட்டும் ஞாபகம் வரவில்லை.

"ஏதோ ‘ஆமா’ன்னார் மேடம். அதைக் கொஞ்சம் நல்லா எழுதினேன்."

"சரி. மா15ல திடீர்னு ஜெபம் பண்றீங்களே, அது ஏன்?"

"நேரமாச்சு மேடம்."

"யாருக்கு?"

தாளைக் குனிந்து பார்த்தேன். ஜெபத்துக்கு முந்தின வரியில் அந்த டிரைவர், ‘வீட்டுல யாரும் இல்லம்மா’ என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒன்றை மட்டும் நான் மாற்றாமல் எழுதியிருந்தேன். அவர் அதைச் சொன்னதும், கண்ணை மூடுங்கள் ஜெபிப்போம் என்று சொல்லி, மூன்று நிமிடத்தில் ஆமென் போட்டு, பழத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கதவைச் சாத்துகிற மாதிரி. நாற்பது வருடத்தில் எத்தனை பேர் முகத்தில் இப்படிச் சாத்தினேனோ என்று நினைத்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு போயிடுச்சும்மா. இன்னும் ஒண்ணு போனா இந்தப் பாடம் போயிடும். அடுத்த வருஷம்தான் திரும்ப எழுதணும்."

அடுத்த வருடம் எனக்கு அறுபத்தைந்து முடிந்துவிடும். அவருக்கும் அது தெரியும். பச்சைப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் சத்தத்தோடு கழுவினேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்கு மேலே கண்ணை மட்டும் காட்டினார்.

"என்ன மாணவி, யாரை அடிக்கணும், சொல்லு."

சொன்னேன். எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "என்கிட்ட செஞ்சு பழகேன். நானும் ஒரு வகையில நோயாளிதான், சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருக்கு" என்றார்.

நல்ல யோசனைதான். மறுநாள் காலையில் டீயோடு எதிரே உட்கார்ந்து பேசினேன். பிறகு உள்ளே போய்ச் சூட்டோடு சூடாக எழுதிக் கொண்டுவந்து நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இங்க என்ன போட்டிருக்க? ‘நோ1. எங்க தூங்குறது, தலையணை ஒண்ணு தினமும் கீழ விழுந்துருது, கட்டில் சாய்வு’. இதை நான் எப்பச் சொன்னேன்?"

"சொன்னீங்களே."

"நீதான் சொன்ன. நல்லாத் தூங்குனீங்களான்னு கேட்ட. நான் வாயைத் தெறந்தேன். அதுக்குள்ள நீயே சொல்லி முடிச்சிட்ட."

"சரி, அப்ப நீங்க சொல்ல வந்தது என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார். நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். கை அசையாமல் இருந்தால் எனக்கு வாயும் கொஞ்சம் அடங்கும்.

"எனக்கு ஒரு தலையணை போதும்," என்றார். "ரெண்டு வச்சா கழுத்து வலிக்கும். அது விழுறதில்ல. நான்தான் கீழ எடுத்துப் போடுறேன்."

"எத்தனை நாளா?"

"நாப்பத்தொரு வருஷமா."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே. கல்யாணம் ஆகி மூணாம் நாள் சொன்னேன். நீ உங்க அத்தை வீட்டுத் தலையணையைப் பத்திப் பேசிட்டிருந்த."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையணை விழுகிறதே, கட்டில்தான் சாய்வாக இருக்கிறது என்று கட்டிலின் இடது காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகி வைத்தவள் நான். வீடு மாறும்போதெல்லாம் புது அட்டை. அன்றைக்கே ஒரு தலையணையை எடுத்து அலமாரியில் போட்டேன். அட்டையையும் உருவி எறிந்தேன்.

ஆனால் அந்த நாற்பத்தொரு வருடம் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷன் சொன்னதே எனக்குக் கேட்கவில்லை என்றால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் முன்பின் தெரியாதவர் சொல்வது எங்கே கேட்கப் போகிறது?

வியாழக்கிழமை மூன்றாவது சந்திப்பு. வெல்டரிடம் யோசனை கேட்டேன். "தம்பி, நீங்க வேலை செய்யுறப்ப பேசுவீங்களா?"

"முகத்துல கவசம் போட்டுட்டா பேச முடியாதும்மா. பேசினாலும் யாருக்கும் கேக்காது."

"எனக்கு எங்க போய்க் கவசம் தேடுறது?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து என் கையில் கொட்டினார். "வாயில போட்டுக்கங்க. கடிச்சிராதீங்க. கரையுற வரைக்கும் பேசக் கூடாது."

எலும்பு முறிவு வார்டு நான்காவது மாடியில். லிஃப்டுக்குப் பக்கத்து அறை, ஜன்னலோரக் கட்டில். அதில் படுத்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டு. லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வேலையில் இருக்கும்போது விழுந்துவிட்டார் என்று நர்ஸ் சொன்னார். நான் யார், எதற்கு வந்தேன், பேசுவதை வகுப்பில் பேர் போடாமல் வாசிப்போம், சம்மதமா என்று கேட்டேன்.

"லிஃப்ட்காரன்னு போட்டுக்கங்க," என்றார். "ஆனா ஜெபம் எல்லாம் வேண்டாங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்ல."

"சரி தம்பி" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து மிட்டாயை வாயில் போட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். நான் அவருடைய தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன். கேட்பதற்கு என் தொண்டையில் ஒரு கூடை கேள்வி இருந்தது: எப்படி விழுந்தீங்க, எத்தனை பிள்ளைகள், சாப்பாடு எங்கிருந்து வருது, டாக்டர் என்ன சொன்னார். மிட்டாய் அதையெல்லாம் அணை போட்டு நிறுத்தியது.

"வாயில என்ன?" என்றார்.

மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கி, "பெப்பர்மின்ட்" என்றேன்.

"ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அறைக்கு வெளியே லிஃப்ட் மேலே வந்தது, கதவு திறந்தது, மூடியது, கீழே போனது.

"கேட்டுச்சா?" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினேன். கேட்டுவிட்டதாகப் பொய் சொல்லாமல் இருந்ததற்கே எனக்கு மார்க் போட வேண்டும்.

"இன்னொரு தடவை வரும், கேளுங்க. கீழ போகுறப்ப மூணாவது மாடியில தும்மும்."

காத்திருந்தோம். லிஃப்ட் வந்தது, போனது. போகும்போது, ஆமாம், தும்மியது! சின்னதாக, பூனை தும்முகிற மாதிரி. என் முகத்தைப் பார்த்து அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"தண்டவாளத்துக்கு எண்ணெய் இல்ல. பத்து நிமிஷ வேலை. ஒரு வாரமா படுத்துக்கிட்டு இதைக் கேக்குறேன், பைத்தியம் பிடிக்குது." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, கூரையைப் பார்த்தே சொன்னார்: "என் சம்சாரம் தினமும் சாயங்காலம் வருவா. நேத்து சொன்னா, என் வேலை உடுப்பைத் துவைச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்காளாம்."

எனக்குக் கூடையில் இருந்ததெல்லாம் முட்டிக்கொண்டு வந்தது. ‘நல்ல சம்சாரம் தம்பி, ஆண்டவர் கொடுத்த கொடை’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மிட்டாய் இன்னும் பாதி இருந்தது.

"இஸ்திரியா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதாம்மா! கிரீஸ் பிடிச்ச உடுப்புக்கு யாராவது இஸ்திரி போடுவாங்களா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே இருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. "இனிமே மேல ஏறுற வேலை முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்லணும். இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்னு சொல்றவகிட்ட எப்படிம்மா சொல்றது?"

அழுதார். பெரிய ஆள் அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? என் கை தானாகப் பைபிளுக்குப் போனது. பழக்கதோஷம். கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். மிட்டாய் கரைந்து போய்விட்டது. ஆனாலும் நான் பேசவில்லை. லிஃப்ட் இரண்டு தடவை தும்மிப் போனது.

கடைசியில் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு வருவா. முதல்ல அந்த இஸ்திரியிலயே ஆரம்பிக்கிறேன்" என்றார்.

நான் எழுந்தேன். நாற்காலியை ஓரமாகப் போட்டேன்.

"ஜெபம் பண்ணாமலே போறீங்க?"

"நீங்கதானே தம்பி வேண்டாம்னீங்க."

"அது அப்ப."

நாற்பது வருடத்தில் நான் யாரிடமும் கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன். "எதுக்காகப் பண்ணட்டும்?"

அவர் நன்றாக யோசித்தார். "அந்த லிஃப்டுக்குப் பண்ணுங்க. மூணாவது மாடி."

கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடினேன்.

"ஆண்டவரே, மூணாவது மாடியில தும்முற அந்த லிஃப்டைப் பாத்துக்கங்க. ஆமென்."

"அதுல போறவங்க வர்றவங்களையும்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அவ்வளவுதான். கேன்டீனில் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் ஒரே ஒரு பக்கம். மற்றவர்கள் நாலு பக்கம், ஐந்து பக்கம் எழுதுவார்கள். என் வரிகளை விரல் வைத்து எண்ணினேன். ‘பெப்பர்மின்ட்.’ ‘இஸ்திரியா?’ மூன்று வருடம் படித்துவிட்டு ஒரு மாணவி பேசுகிற பேச்சா இது?

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்தார், திருப்பினார், பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஒரு வசனம்கூட இல்லையே."

"நான் சொல்லலையே."

"பைபிள்ல இருந்து ஒரு சங்கீதத்தையாவது நடுவுல போடு. யாருக்குத் தெரியப் போகுது? உன் பட்டம்டி இது."

அவர் சொன்னதில் தப்பில்லை. என் மேல் இருந்த ஆசையில் சொன்னார். பேனாவை எடுத்தேன். நோ6க்கும் மா7க்கும் நடுவில் ஒரு சங்கீதத்துக்கு அருமையாக இடம் இருந்தது. அங்கே நான் ‘மௌனம், லிஃப்ட் இரண்டு தடவை’ என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் வசனத்தைப் போட்டால் அந்த மனுஷன் அழுத அழுகை எங்கே போகும்? இன்னொரு லாரி டிரைவராகிவிடுவார். பேனாவை மூடிவிட்டேன்.

"ஃபெயிலானா?" என்றார்.

"ஃபெயிலானா உங்களுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு கிடக்குறேன்."

திங்கட்கிழமை வகுப்பில் நான் மாணவர், வெல்டர் லிஃப்ட்காரர். வெல்டர் முதல் இரண்டு வரியைத் தன் வழக்கமான கணீர்க் குரலில்தான் வாசித்தார். பிறகு தானாகவே குரல் இறங்கியது. வேறு ஆளாகப் பேசினார். அடைப்புக்குறிக்குள் போட்டிருந்த ‘மௌனம், பேச வந்தேன், மிட்டாய் இருந்தது’ என்பதை நான் வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ‘அதுல போறவங்க வர்றவங்களையும்’ என்று முடித்துவிட்டு வெல்டர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். 

ஆசிரியை கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். பச்சைப் பென்சில் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். ‘எதுக்காகப் பண்ணட்டும்?’ என்ற வரிக்குக் கீழே.

"இதை யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல மேடம். நிஜமாவே தெரியல, அதான் கேட்டேன்."

அவர் தாளைத் திருப்பித் தரவில்லை. தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வராத அறிக்கைதான் தேறின அறிக்கை. வெல்டர் மேஜைக்கடியில் என் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தார்.

இன்னும் மூன்று தேற வேண்டும். ஆனால் இனி பயமில்லை. அடுத்த வியாழன் போனபோது லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவர் கட்டிலில் வேறு யாரோ. லிஃப்டில் கீழே இறங்கும்போது மூன்றாவது மாடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தும்மவில்லை. யார் எண்ணெய் போட்டார்கள், அவர் போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனாரா, எனக்குத் தெரியாது.

வீட்டில் மட்டும் ஒரு கூத்து. இரண்டு வாரமாக நான் வீட்டிலும் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கேட்பேன், காத்திருப்பேன். நேற்று காலையில் கட்டிலைப் பார்த்தால், இருந்த அந்த ஒரு தலையணையும் கீழே கிடந்தது! கேட்கத் துடித்தேன். கேட்கவில்லை. டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். கை தொடைக்கடியில். அவரும் பேசவில்லை. டீயில் ஆடை படிந்தது.

"தாயே, ஏதாவது பேசு," என்றார் கடைசியில். "பதினஞ்சு நாளா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நீ உத்துப் பாக்குற பார்வையில எனக்கு இல்லாத வியாதியெல்லாம் இருக்கோன்னு பயம் வருது."

"தலையணை?" என்றேன்.

அவர் டீயைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"அதை நான் போடல. தானா விழுந்துச்சு. நீ அட்டையை எடுத்தியே, அதான். கட்டில் நிஜமாவே சாய்வுதான்."

நான் அப்போது பேச ஆரம்பித்தவள், மதியம் வரை நிறுத்தவில்லை. அவர் ஒரு புது அட்டையை மடித்துக்கொண்டு, நடுநடுவே "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.